காரணம்: விசிறி டிரைவர்

நான் லிஃப்டில் ஏறுவதில்லை. அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தாலும் தினமும் படியேறித்தான் வருகிறேன். முழங்காலுக்கு நல்லது, பசியும் நன்றாக எடுக்கும். இன்று இறங்கும்போது நீங்களும் படியிலேயே இறங்கிப் பாருங்கள், மேடம். கட்டாயம் ஒன்றும் இல்லை.

விசாரணை என்று அழைத்து, நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொன்னீர்கள். நல்லது. என்னை யாரும் மிரட்டவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைக்கும் முன்பு என்னைக் கேட்டீர்கள், டீ கொடுத்தீர்கள், பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தியும் வைத்தீர்கள். இப்படி மரியாதையாகக் கேட்டால் யாருக்குத்தான் மறைக்கத் தோன்றும்? உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்தபின், என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தோன்றும்.

முதலில் என் வேலை. இந்த நிறுவனம் ஓர் இயங்குதளத்தைச் செய்து விற்கிறது. மேசைக் கணினியில் ஓடுவதல்ல. சலவைக்கடை இயந்திரம், லிஃப்ட், வண்டி நிறுத்துமிடத்துக் கதவு, மின்தராசு என்று ஊமையாக நிற்கும் சாமான்களுக்குள் ஓடுவது. அதன் நடுப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். மற்றதெல்லாம் அதைக் கேட்டுத்தான் மூச்சுவிடும். கர்னல் விழுந்தால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். விழும்போது அது கடைசியாக ஒரு காரியம் செய்தாக வேண்டும்: நான் ஏன் விழுந்தேன், யார் என்னைத் தள்ளியது என்று ஓர் அறிக்கை எழுதிவிட்டுக் கண்ணை மூட வேண்டும். அந்த அறிக்கையை எழுதும் பகுதிதான் என் பொறுப்பு. சாகிறவனிடம் வாக்குமூலம் வாங்குகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. முக்கால்வாசி விபத்துகளில் கெட்டுப்போவதே நினைவகம்தான். எவனோ ஒருவன் தன் எல்லையைத் தாண்டி அடுத்தவன் இடத்தில் எதையாவது எழுதிவிடுவான். அங்கே இருந்தது அழிந்துபோகும். கர்னல் அந்தக் குப்பையைப் படித்துத் தடுமாறி விழும். சரி, அறிக்கை எழுதலாம் என்று போனால், அதற்கு வேண்டிய விவரங்களும் அதே கெட்டுப்போன நினைவகத்தில்தான் கிடக்கும். மண்டையில் அடிபட்டுக் கிடப்பவனை எழுப்பி, உன்னை அடித்தவன் பெயர் என்ன, விலாசம் என்ன என்று கேட்பது மாதிரி.

நான் பொறுப்பேற்கும் முன்பு வந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. இன்னொன்றில், சலவை இயந்திரம் விழுந்ததற்குக் காரணம் 'ஙஙஙப்' என்று இருந்தது. வேறொன்றில் அறிக்கை எழுதப் போன பகுதியே குப்பையில் கால்வைத்து விழுந்து, தான் விழுந்ததை எழுதப் போய் மறுபடி விழுந்து, அந்த இயந்திரம் சாயங்காலம் வரை விழுந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அதற்கு நிம்மதி கிடைத்தது.

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் 'சுருக்கம்' என்று பெயர். எதைச் சொல்லப் போனாலும் கையைத் தூக்கி, "சுருக்கமா, சுருக்கமா" என்பார். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள எவ்வளவு குப்பை இருந்தாலும் சரி, ரிப்போர்ட் மட்டும் சுத்தமா வரணும். முடியுமா முடியாதா? சுருக்கமா."

"முடியும் சார்."

பெருமைக்காகச் சொல்லவில்லை, அதை நான் நன்றாகவே செய்தேன். அறிக்கைக்கென்று நினைவகத்தில் தனியாக ஓர் அறை ஒதுக்கினேன். இயந்திரம் தொடங்கும்போதே வேண்டியதையெல்லாம் அங்கே எழுதிப் பூட்டிவிடுவேன். அதன்பின் யாரும் அங்கே போய்ப் படிக்கலாம், எழுத முடியாது. கர்னல் விழுந்த நேரத்தில் என் பகுதி யாரிடமும் உதவி கேட்காது, யாருக்காகவும் காத்திருக்காது. எந்த முகவரிக்குப் போவதாக இருந்தாலும், அப்படி ஒரு முகவரி உண்மையிலேயே இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கும். படித்த எண்களைக் கூட்டிப் பார்த்து, கணக்கு உதைத்தால் அந்த விவரத்தைத் தூக்கி எறிந்துவிடும். அறைக்குக் காவலாக ஒருவனையும் போட்டேன். அவ்வப்போது எழுந்துபோய் அறையின் விளிம்பில் ஒரு முத்திரை குத்திவிட்டு வருவான். அடுத்தமுறை போகும்போது முத்திரை கலைந்திருந்தால், யாரோ அத்துமீறியிருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் காவல்காரனைப் பற்றி நீங்கள் பிறகு கேட்பீர்கள் என்று தெரியும். வருகிறேன்.

இவ்வளவு செய்தும் சில சமயம் எல்லா விவரமும் கெட்டுப்போயிருக்கும். அப்போது அறிக்கை நேர்மையாக ஒரு வரி எழுதும்: 'காரணம்: தெரியவில்லை.' அதைச் சுருக்கத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு ரிப்போர்ட் எதுக்குப்பா? அத நானே சொல்லிடுவேனே."

"சார், மெமரியே கெட்டுக் கிடக்கும்போது யாரு செஞ்சான்னு உறுதியா..."

"கஸ்டமருக்கு ஒரு பேரு வேணும். ஒரே ஒரு பேரு. சுருக்கமா."

எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பதற்காக, சோதனை நாட்களில் அந்த வரியில் ஏதோ ஒரு பெயரை வைத்திருந்தேன். 'தெரியவில்லை'யை எடுத்துவிட்டு அந்தப் பழைய பெயரையே திரும்ப வைத்துப் பூட்டினேன். எதுவுமே புரியாத சமயத்தில் அறிக்கை அந்தப் பெயரைச் சொல்லும். இயந்திரத்தின் ஒவ்வொரு உறுப்பையும் ஓட்டுவதற்கு ஒரு சின்ன நிரல் இருக்கும், டிரைவர் என்போம். நான் வைத்தது அப்படி ஒரு டிரைவரின் பெயர். உள்ளே சூடு ஏறாமல் காற்று விசிறும் குட்டி விசிறியை ஓட்டுவது. விசிறி டிரைவர்.

அதை எழுதியவர் என் சகலை என்பது உங்களுக்குத் தெரியும்.

உறவுமுறை எப்படி என்று கேட்டீர்கள். நன்றாகத்தான் இருந்தது. அவர் என் மனைவியின் தங்கை புருஷன். இங்கே அவருக்கு வேலை கிடைக்க நான்தான் சிபாரிசு செய்தேன். செய்யும் வரை என் மனைவி என்னோடு பேசவில்லை. சகலை பூனை மாதிரி சத்தமில்லாமல் நடப்பார். என்னைவிட இளையவர், "அண்ணா, அண்ணா" என்று பின்னாலேயே வருவார். சேர்ந்ததும் அவருக்குக் கொடுத்தது அந்த விசிறியைத்தான். அதிலிருந்து அலுவலகத்தில் அவர் பெயரே விசிறி. எங்கள் மாமியார் யாரோ சொல்ல அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "சின்ன மாப்பிள்ளை டிரைவர் வேலை பாக்குறார், ஆனா ஏசி ரூம்லயே உக்காந்து ஓட்டுறார்" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். நான் திருத்தவில்லை. பெரியவர்களைத் திருத்துவது மரியாதை இல்லை.

மாமனார் வீட்டு ஃபேன் விஷயத்தை என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடத்தில் ஒரு நிற்கும் ஃபேன் இருக்கிறது. கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து, நான் போனால் மாமனார் எழுந்து அதை என் பக்கம் திருப்புவார். சகலை வந்த பிறகு அவர் பக்கம் திருப்பினார். "சின்னவருக்கு வேர்க்கும்" என்றார். எனக்கும்தான் வேர்க்கும். ஆனால் இதெல்லாம் ஒரு காரணமா? நான்கு பேர் உட்கார்ந்தால் யாராவது ஒருவருக்குத்தான் காற்று வரும். அது சுழலும் ஃபேன், ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் வரும் என்பதை நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

இதற்கும் நான் அந்தப் பெயரை வைத்ததற்கும் சம்பந்தம் இல்லை. அது சின்னப் பெயர், வரியில் அழகாகப் பொருந்தியது.

புதிய அறிக்கை முறை எல்லா இயந்திரங்களுக்கும் போனது. முதலில் விழுந்தது ஒரு சலவைக்கடை. நனைந்த துணியோடு இயந்திரங்கள் வரிசையாக நின்றுவிட்டன. ஆனால் திரையில் என் அறிக்கை. ஒரு கேள்விக்குறி இல்லை, ஒரு 'ஙங' இல்லை. தேதி, நேரம், பதிப்பு, கீழே தெள்ளத் தெளிவாக: 'காரணம்: விசிறி டிரைவர்.' சுருக்கம் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். சகலையும் கைதட்டிவிட்டு, பிறகுதான் கடைசி வரியைப் படித்தார்.

"அண்ணா, நம்ம விசிறியா? சூடானா சுத்தும், ஆறினா நிக்கும், அவ்வளவுதானே அது. அதுல விழறதுக்கு என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும் சகலை. ரிப்போர்ட் சொல்லுது. பாத்துடுங்க."

பார்த்தார். ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டுமென்றால், அவருடைய நிரல், பேச்சில் கோடு என்போம், இந்த நிறுவனத்திலேயே சுத்தமான நிரல். எனக்கு எப்போதும் தெரியும். படித்தால் மனதுக்கு இதமாக இருக்கும். அதில் பிழையே இல்லாததால் அவரால் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லாத ஒன்றைத் தேடுகிறவனுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அடுத்த வாரம் ஒரு வண்டி நிறுத்துமிடத்துக் கதவு பாதி திறந்த நிலையில் நின்றது. காரணம்: விசிறி டிரைவர். மறுபடி எழுதினார். ஒரு தானியங்கிக் கதவு. மறுபடி எழுதினார்.

வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. இருந்த ஃபேன்களையெல்லாம் கழற்றிக் கூடத்தில் பரப்பி, இறக்கைகளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். கொழுந்தியாள் போன் செய்து புலம்பினாள். அவள் கால்நடை மருத்துவர், சுலபத்தில் பதறுகிறவள் அல்ல.

"அத்தான், சாப்பாட்டுல கைய வச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கார். என்னன்னு கேட்டா, 'நான் ஏதோ செஞ்சிருக்கேன், என்னன்னுதான் தெரியல'ங்கறார். நீங்க கொஞ்சம் பேசுங்களேன். நீங்க சொன்னா கேப்பார்."

பேசினேன். மாடிக்குக் கூட்டிப்போய்த் தோளில் கைபோட்டு, "தப்பு உங்க மேல இல்ல சகலை, உங்க கோடு மேலதான்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அன்பாக யாரும் பேசவில்லை என்றார்.

அப்புறம் அந்தப் பல் மருத்துவமனை லிஃப்ட். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டரும், வாய் மரத்துப்போவதற்கு ஊசி போட்டுக்கொண்ட மூன்று நோயாளிகளும். யாருக்கும் ஆபத்தில்லை, காற்று வந்தது, விளக்கு எரிந்தது. நம் ஆட்கள் போகும் முன்பே சகலை போய்விட்டார். கதவிடுக்கில் வாயை வைத்து, "ஐயா, அம்மா, இது என் விசிறியால வந்தது, மன்னிச்சுடுங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லையாம். கடைசியில் உள்ளே இருந்தவர்கள்தான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். வாய் மரத்துப்போன ஓர் அம்மாள், "பவால்ல தம்மி, அழாத தம்மி" என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக நம் மெக்கானிக் வந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்குப் பாவமாக இருந்தது. நம் கட்டட லிஃப்டிலும் அதே இயங்குதளம்தான். அதற்குச் சில நாள் முன்பே நான் படியேறத் தொடங்கியிருந்தேன்.

சுருக்கத்தின் பொறுமை போய்விட்டது. "அந்த விசிறி டிரைவரையே தூக்குங்க. வேரோட. இனிமே விசிறிக்கு டிரைவர் கிடையாது" என்று உத்தரவு போட்டார். சகலை தன் கையாலேயே அழித்தார். முடித்துவிட்டு, யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி கைகழுவப் போனார்.

ஓட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டால் விசிறி பாதுகாப்புக்காக முழு வேகத்தில் சுற்றும். அப்படித்தான் அதன் அமைப்பு. மறுநாள் ஊரெல்லாம் ஒரே இரைச்சல். சலவைக்கடைகளில் விமானம் கிளம்புவது மாதிரி சத்தம். மடித்துவைத்த காலுறைகள் பறந்து தெருவுக்குப் போயின. வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுகள் கைக்கு வரும் முன்பே காற்றில் போயின. ஆனாலும் இனி விழாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சலவைக்கடை விழுந்தது. காரணம்: விசிறி டிரைவர்.

கூட்ட அறையில் அந்த அறிக்கையைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். அந்த நிமிடத்தில், மேடம், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். யாராவது ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் அப்போதே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. சுருக்கம்தான் கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு மட்டமான கோட நான் பாத்ததில்ல. அழிச்ச பிறகும் கெடுக்குது பாருங்க."

எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். சகலை மெதுவாக எழுந்தார். "நான் முழுசா அழிச்சேன் சார். ஆனா போகல. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, அது போகலன்னு." அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

பாடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, 'என் தவறிலிருந்து நான் கற்றது' என்ற தலைப்பில் அவரை அலுவலகத்தார் எல்லோர் முன்பும் பேசச் சொன்னார்கள். யோசனை சுருக்கத்தினுடையது. தலைப்பு மட்டும் நான் கொடுத்தது. மேடையில் நின்றார், தண்ணீர் குடித்தார், தாள்களைப் புரட்டினார். என்ன தவறு என்று தெரியாததால் என்ன கற்றோம் என்றும் அவருக்குச் சொல்ல வரவில்லை. கடைசியில் முதல் வரிசைக்கு ஒரு மன்னிப்பு, இரண்டாம் வரிசைக்கு ஒரு மன்னிப்பு என்று காலியாக இருந்த கடைசி வரிசை வரைக்கும் போய் முடித்தார். முதலில் கைதட்டியது நான்தான். யாராவது தட்ட வேண்டும் இல்லையா?

அந்த வாரமே வேலையை விட்டார். வீட்டில் ஃபேன் போடவே விடுவதில்லையாம். கோடையில் வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு, "ஓடினா நாமதான் பதில் சொல்லணும்" என்பாராம்.

என் கொழுந்தியாள் வாய் பேசாத நோயாளிகளிடம் நோய் கேட்டுப் பழகியவள். நான் அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தராசு. அவளுடைய மருத்துவமனையில் நாய்களை நிறுத்தி எடை பார்க்கும் பலகைத் தராசு, பேட்டரியில் ஓடுவது. ஒரு தொந்தி நாயை ஏற்றி நிறுத்தியிருக்கிறாள், நாயின் எடை வருவதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்திருக்கிறது. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மேசைமேல் வைத்தாள். நான் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். திரையில் என் அறிக்கை, அழகாக.

"அத்தான், இதுல ஃபேன் எங்க இருக்கு?"

தராசைத் திருப்பிப் பார்த்தேன். தட்டையான சாமான், உள்ளங்கை உயரம்கூட இல்லை.

"உள்ள இருக்கும்."

"பிரிச்சுப் பாத்துட்டேன். நாலு பேட்டரியும் நாய் முடியும்தான் இருக்கு. ஃபேனே இல்லாத சாமான ஃபேன் டிரைவர் எப்படி அத்தான் கெடுக்கும்?"

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தராசை என் தட்டுக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

"படிங்க. சத்தமா."

"காரணம், விசிறி டிரைவர்."

"இப்ப உண்மைய படிங்க."

அதில் எழுதியிருந்தது அவ்வளவுதான். அதைத்தான் சொன்னேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுநாள் இருவருமாகச் சேர்ந்து இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டுப் போனார்கள். தராசையும் விட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இனி அந்தக் காவல்காரன். இயந்திரங்கள் உண்மையில் ஏன் விழுந்தன என்று நீங்கள் ஆரம்பத்திலிருந்தே கேட்க நினைத்து, நாகரிகமாகக் காத்திருக்கிறீர்கள். சொல்கிறேன். அறிக்கை அறையின் விளிம்பில் முத்திரை குத்த ஒருவனைப் போட்டேன் அல்லவா, அவனுக்கு நான் அளந்து கொடுத்த விளிம்பு ஓர் எழுத்து அதிகம். ஒவ்வொரு தடவை குத்தும்போதும் ஓர் எழுத்து மட்டும் அடுத்தவன் இடத்தில் பதியும். பெரும்பாலும் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். யாராவது இருந்தால் கர்னல் விழும், தள்ளியது யார் என்ற விவரமும் அதோடு கெட்டுவிடும், அறிக்கைக்கு மிஞ்சுவது நான் பூட்டிவைத்த பெயர்தான். நினைவகம் கெட்டுப்போகாமல் பார்ப்பதற்காக நான் போட்ட ஆள்தான் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தான். என் அறையோ பூட்டியிருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் சலவைக்கடை அறிக்கை சுவரில் ஒட்டப்பட்ட வாரத்திலேயே எனக்கு இது தெரியும். ஒரு எண்ணை ஒன்று குறைத்தால் போதும். குறைக்கவில்லை. காரணம் எளிமையானது: குறைத்தால் இயந்திரங்கள் விழுவது நின்றுவிடும். விழாத இயந்திரத்தில் என் அறிக்கைக்கு என்ன வேலை? மூன்று வருட உழைப்பை யார் பார்ப்பார்கள்? ஓர் எழுத்தில் யாரும் சாகப் போவதில்லை என்றும் கணக்குப் போட்டேன். யாரும் சாகவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை என் மனைவிகூட அறியமாட்டாள். சகலை இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

வேலையை விடுவதற்கு முன்பு ஒரு நாள், நான் தனியாக இருக்கும்போது வந்து, எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காவல் கோடு ஒரு எழுத்து தள்ளி எழுதுதோன்னு தோணுது. நான் சரியா பாக்கலியோ என்னவோ." சரியாகத்தான் பார்த்திருந்தார். வரி எண் உட்பட. நான் எழுந்து அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். பிறகு நிதானமாகச் சொன்னேன்: "சகலை, தூக்கம் கெட்டா அப்படித்தான் தோணும். போய் நல்லா தூங்குங்க. நம்ம கோட நம்மாலேயே சரி பண்ண முடியாதப்ப, அடுத்தவங்க கோட பாத்தா எல்லாம் தப்பாத்தான் தெரியும்." அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு தலையாட்டி, "ஆமாண்ணா, எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல" என்று மன்னிப்புக் கேட்டார். கண்டுபிடித்ததை எழுதிவைத்திருந்த குறிப்பை என் கண்முன்னாலேயே அழித்தார். போகும்போது, இந்த மாதிரி கூப்பிட்டுச் சொல்லித்தர ஓர் அண்ணன் கிடைத்தது தன் பாக்கியம் என்றார்.

இப்போது அவரிடம், விசிறியில் தப்பே இல்லை என்ற உண்மையை நீங்கள் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கொழுந்தியாளின் மருத்துவமனையில் நாய்களைப் பிடித்துக்கொள்ளும் வேலை பார்க்கிறாராம், நாய்கள் அவரைக் கடிப்பதில்லையாம். நீங்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "இருந்தாலும் என் விசிறிலயும் ஏதாவது கொஞ்சம் இருந்திருக்கும்ல?" என்று கேட்டாராமே. என்னை வேலையைவிட்டு அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னாராம், தூங்கச் சொன்ன நல்ல மனுஷன் என்று. நல்ல குணம். நான் சிபாரிசு செய்ததில் தப்பில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரங்களைக் கெடுத்தது என் நிரல். அது எனக்குத் தெரியும். நிரபராதி ஒருவரின் பெயரை யாராலும் அழிக்க முடியாத இடத்தில் நான்தான் வைத்தேன், அவரே தன்னைக் குற்றவாளி என்று நம்பும் வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும். மேசைமேல் இருக்கும் உங்கள் ஒலிப்பதிவுக் கருவி சற்றுமுன் நின்றுவிட்டது. சகலை கண்டுபிடித்ததைச் சொல்ல ஆரம்பித்தேனே, அப்போது. நீங்கள் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், குறுக்கே பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பதறாதீர்கள், அதற்குள்ளும் நம் இயங்குதளம்தான். நான் பேசியது போயிருக்கும். திரும்பச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உடனே அணைத்துவிடாதீர்கள், அதன் திரையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்புங்கள். எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. உள்ளே எல்லாம் குப்பையாகிவிட்டது, மேடம். அப்படியும் ஒரு புள்ளிகூடக் கலையாமல் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது பாருங்கள், யார் செய்தது என்று.